ஹாலோவீன் மூன்றாம் பாகத்தைத் தாண்டிப் போகலாமா?

தேவகோட்டையில் படிக்கும் ஒரு தம்பி இங்கே கேட்டிருக்கிறார். பூசை விடுமுறையில் நண்பர்கள் சேர்ந்து ஹாலோவீன் என்ற அமெரிக்கத் திகில் படங்களை முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கப் போகிறார்களாம். 1982இல் வந்த மூன்றாம் பாகத்தைப் பற்றி விசாரித்தால் பாதிப் பேர் 'வரிசையிலேயே குப்பை, தாண்டிப் போ' என்கிறார்கள், மீதிப் பேர் 'முதல் படத்துக்கு அடுத்தது இதுதான்' என்கிறார்கள். யாரை நம்புவது, தாண்டலாமா என்பது கேள்வி. ஒரே படத்தைப் பார்த்தவர்கள் இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்க முடியுமா, இதில் யாரோ ஒருத்தர் புளுகுகிறாரோ என்ற சந்தேகம் அதற்குள் இருக்கிறது. யாரும் புளுகவில்லை தம்பி. அவர்கள் பார்த்த நேரம் வேறு வேறு, வாசலில் அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் வேறு வேறு. அதைத்தான் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன். கதையின் சில திருப்பங்கள் வெளியே வரும், பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விமர்சகன் இல்லை. காரைக்குடியில் 1987 முதல் 2004 வரை வீடியோ கடை வைத்திருந்தவன். கேசட் வாடகை, கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் டெக்கும் (கேசட்டை ஓட்டும் பெட்டி) டிவியும் வாடகை. ஆங்கிலக் கொலைப் படங்களுக்கும் பேய்ப் படங்களுக்கும் மட்டும் தனி அலமாரி இருந்தது. சுற்றுப்பட்ட ஊர்களில் சிங்கப்பூர், மலேசியா போய்வராத வீடு குறைவு என்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை. அங்கேயும் நம்மைப் போல பால் (PAL) என்ற டிவி முறை என்பதால் அந்தக் கேசட் நம் டெக்கில் ஒழுங்காக ஓடும். அமெரிக்காவில் முறை வேறு, அங்கிருந்து யாராவது ஆசையாகக் கொண்டுவந்தால் படம் கோடு கோடாக உருளும். வந்த கேசட்டை நகல் எடுத்துத்தான் வாடகைக்கு விட்டேன். அது தப்பு என்று அன்றைக்கே தெரியும். பெருமையாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

விமர்சகருக்குக் கிடைக்காத ஒரு வசதி வீடியோ கடைக்காரனுக்கு உண்டு. கேசட்டைத் திருப்பித் தருபவர் வாயால் என்ன சொன்னாலும், டேப்பை முதலுக்குச் சுற்றிவிடாமல் கொடுத்தால் அவர் எந்த இடத்தில் எழுந்து போனார் என்பது டேப்பிலேயே நிற்கும். 'அருமையான படம்ணே' என்று சொல்லிவிட்டுப் போவார். டெக்கில் போட்டால் இருபதாவது நிமிஷத்தில் நிற்கும். இதைப் பார்த்துப் பார்த்து ருசி கண்டு ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். படத்தின் பேர், நின்ற இடம், ஆள் சொன்னது, இந்த மூன்றும்தான். யோக்கியமாகச் சுற்றிக் கொடுத்தவர்களைப் பற்றி நோட்டுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் சோம்பேறிகளின் ரசனை மட்டும்தான் அதில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரம்மா சொல்வார், அது நியாயமான பேச்சுத்தான்.

அந்த நோட்டில் ஹாலோவீன் முதல் இரண்டு பாகங்களும் பெரும்பாலும் கடைசி வரை ஓடியிருக்கின்றன. மூன்றாம் பாகம் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தை ஒட்டி நிற்கும். கதாநாயகனான டாக்டரும் அவரோடு வரும் பெண்ணும் சாண்டா மீரா என்ற ஊருக்குள் காரில் நுழையும் இடம். அதாவது, முதல் இரண்டு பாகத்தில் கொலை செய்த வெள்ளை முகமூடிக்காரன் இனிமேல் வரமாட்டான் என்று பார்ப்பவருக்கு உறைக்கும் இடம்.

இந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள இரண்டாம் பாகத்தில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். 1978இல் ஜான் கார்பென்டர் எடுத்த முதல் படம் மூன்று லட்சத்துச் சொச்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் வாங்கியது. கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த ஒரு ரப்பர் முகமூடிக்கு வெள்ளையடித்துத்தான் அந்த முகமூடிக்காரன் மைக்கேல் மயர்ஸ் பிறந்தான். (அதே அக்டோபரில்தான் நம் ஊரில் சிகப்பு ரோஜாக்கள் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் பயந்திருக்கிறோம்.) 1981இல் இரண்டாம் பாகம். அதன் முடிவில் மைக்கேலும் அவனைத் துரத்திய டாக்டரும் (மூன்றாம் பாகத்து டாக்டர் இல்லை, வேறு ஆள்) தீயில் வெந்து போகிறார்கள். கார்பென்டரைப் பொறுத்தவரை அவன் கதை அத்தோடு சரி. இனி ஹாலோவீன் என்ற பேரில் வருஷத்துக்கு ஒரு புதுக் கதை, அக்டோபர் 31 ராத்திரி அங்கே பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் அந்த ஹாலோவீன் திருநாள் மட்டும் பொது என்று கார்பென்டரும் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லும் நினைத்தார்கள். இரண்டாம் பாகத்தின் நேர்த் தொடர்ச்சியாக இருக்கக் கூடாது என்ற பேச்சோடுதான் மூன்றாவதுக்கு ஒத்துக்கொண்டார்கள். இயக்கியவர் டாமி லீ வாலஸ். முதல் படத்தின் முகமூடிக்கு வெள்ளையடித்தவரும் அவரேதான்.

கதை இதுதான். ஒரு பொம்மைக் கம்பெனி ஹாலோவீனுக்கு மண்டையோடு, சூனியக்காரி, பூசணி என்று மூன்று முகமூடி விற்கிறது. நாடு முழுக்கப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். 'லண்டன் பிரிட்ஜ்' மெட்டில் அதற்கொரு விளம்பரப் பாட்டு டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. திருநாள் ராத்திரி 9 மணிக்குப் பெரிய பரிசு, முகமூடியை மாட்டிக்கொண்டு டிவி முன் உட்காருங்கள் என்கிறது விளம்பரம். அப்படி உட்கார்ந்த பிள்ளைகளின் கதிதான் மிச்சக் கதை. கத்தி எடுத்துத் துரத்தும் ஆள் கிடையாது. கோட்டும் டையும் போட்ட, சிரித்த முகத்தோடு பேசும் ஒரு முதலாளிதான் இருக்கிறார்.

வசூல் கணக்கைப் பார்த்தால், அமெரிக்காவில் இரண்டாம் பாகம் சுமார் 2 கோடியே 55 லட்சம் டாலர், மூன்றாவது சுமார் 1 கோடியே 44 லட்சம். செலவு 25 லட்சம்தான். ஆகவே 'படுதோல்விப் படம்' என்று எழுதுகிறவர்கள் பாதிதான் சரி. எதிர்பார்த்தது வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் வந்தவர்கள் ஏமாந்து போனார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. 1988இல் நான்காம் பாகம் வந்தபோது 'மைக்கேல் மயர்ஸின் மறுவருகை' என்று தலைப்பிலேயே போட்டார்கள். மன்னிப்புக் கடிதத்தைப் போஸ்டராக ஒட்டியது மாதிரி. அதற்குச் சுமார் 1 கோடியே 78 லட்சம் கிடைத்தது.

இனி என் சொந்தத் தப்புக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. மூன்றாம் பாகம் கடைக்கு வந்தபோது நான் அதைப் பார்க்கவேயில்லை. மூன்று என்று போட்டிருக்கிறது, முந்தைய இரண்டும் நன்றாகப் போகின்றன, வேறென்ன வேண்டும்? கேசட் அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'முகமூடிக் கொலைகாரன் மீண்டும் வருகிறான்' என்று எழுதி ஒட்டினேன். முதல் சனிக்கிழமை எடுத்துப் போனவர் ஞாயிறு காலையில் வந்து பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்டார். 'கேசட்டை மாத்திப் போட்டுட்டியாப்பா?' என்றார். அவருக்குப் பின்னாலும் அதே பேச்சு. ஒருத்தர் கூடக் கதை மோசம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வேறு படத்தைக் கொடுத்துவிட்டாய் என்றுதான் சண்டை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு நானே போட்டுப் பார்த்த பிறகுதான் அட்டையில் நான் எழுதியிருந்தது பச்சைப் பொய் என்று தெரிந்தது.

சரி என்று அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு 'பேய்ப் பொம்மைக் கம்பெனி' என்று புதிதாக எழுதினேன். மூன்று என்ற எண்ணையும் எடுத்தேன், ஹாலோவீன் என்ற பேரையும் எடுத்தேன். அலமாரியிலும் அந்த இரண்டு கேசட்டுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. அதற்குப் பிறகு அதே கேசட் பெரும்பாலும் கடைசிப் பாட்டு வரை ஓடித்தான் திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

இதை வைத்துப் பெரிய உண்மையை நிறுவிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். மாற்றிய பிறகு எடுத்தவர்கள் வேறு மாதிரி ஆட்களாக இருக்கலாம். கோபக்காரர்கள் எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்திருக்கலாம். ஒரு ஊரில் ஒரு கடை, மொத்தம் முப்பது நாற்பது பேர்தான். ஆனால் படத்தில் ஒரு ஃபிரேம் கூட மாறவில்லை, மாறியது அட்டை மட்டும் என்பது நிச்சயம். தொடர் படத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது, அவருக்கு அட்டையில் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதைத்தான்.

இதே கேசட்டுக்கு எனக்குக் கிடைத்த மிகக் கூர்மையான விமர்சனம் ஒரு ஆச்சியிடமிருந்து வந்தது. பக்கத்து ஊரில் தெருவுக்குத் தெரு நீண்ட ஒரு பெரிய வீடு. மாசி, பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்காக வெளியூர்ப் பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். டெக் வாடகைக்குப் போனது, நானே போய் மாட்டிக் கொடுத்தேன். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தை ஒட்டி, பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. ஆச்சி தூணில் சாய்ந்து பருத்திக்கொட்டை உரித்தபடி அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் தெரியாது, மூத்த பேரன் நடுநடுவே சொல்லிக்கொண்டு வந்தான். முந்தைய பாகம் எதையும் அவர் பார்த்ததில்லை. மறுநாள் டெக்கை எடுக்கப் போனபோது கேட்டேன், எப்படி ஆச்சி படம் என்று. 'மத்த படத்துல திருடன் கதவ ஒடச்சிக்கிட்டு வர்றான் அப்பச்சி. இதுல நம்மளே காசக் குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிக்கிறோம். கதவச் சாத்தி என்ன பண்றது?' என்றார். இரும்புத் தாழ்ப்பாளும் தேக்குக் கதவும் போட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னதால் எனக்கு அது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மைக்கேல் மயர்ஸ் எங்கே என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. அவர் பேசியது திரையில் இருந்ததைப் பற்றி. கடையில் சண்டை போட்டவர்கள் பேசியது திரையில் இல்லாததைப் பற்றி.

நம் ஊர்ப் படங்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அரண்மனை வரிசையில் 2014 முதல் 2024 வரை நான்கு படம் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் பேய் வேறு, பேயின் கதையும் வேறு. காஞ்சனாவும் அப்படித்தான், பாகத்துக்குப் பாகம் புதுப் பேய். 'போன பாகத்துப் பேய் எங்கேடா?' என்று நம் ஆட்கள் ஒருவரும் தியேட்டரில் கத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கார்பென்டர் 1982இல் செய்ய நினைத்ததும் கிட்டத்தட்ட இதேதான். அங்கே சறுக்கியது இங்கே எப்படிப் போகிறது? என் கணிப்பு இது. காஞ்சனாவுக்குப் போகிறவர் ராகவா லாரன்ஸ் பயந்து நடுங்குவதைப் பார்க்கப் போகிறார், அது ஒவ்வொரு பாகத்திலும் தவறாமல் கிடைக்கிறது. அமெரிக்காவில் அந்த இடத்தில் இருந்தது நடிகர் இல்லை, முகமூடி. இரண்டு பாகம் முழுக்க அந்த முகமூடியைக் காட்டிப் பழக்கிவிட்டு மூன்றாவதில் எடுத்தால் எப்படி? ஒருவேளை இரண்டாவது பாகத்திலேயே புதுக் கதைக்கு மாறியிருந்தால் ஜனங்கள் பழகியிருப்பார்கள். இது என் ஊகம் மட்டும்தான், இதற்கு ஆதாரம் காட்ட முடியாது.

வேறு வரிசையிலும் இதே விளையாட்டு நடந்திருக்கிறது. ஃப்ரைடே தி தர்ட்டீன்த் வரிசையில் நான்காம் பாகத்துக்குக் 'கடைசி அத்தியாயம்' என்று 1984இல் பேர் வைத்தார்கள். அடுத்த வருஷமே ஐந்தாவது வந்தது. அதில் ஹாக்கி முகமூடிக்குள் இருந்தவன் அந்த வரிசையின் கொலைகாரன் ஜேசன் இல்லை, வேறு ஆள். ரசிகர்களுக்கு அது இன்றைக்கும் ஆறாத புண். 1986இல் ஆறாம் பாகத்தில் செத்துக் கிடந்த உண்மையான ஜேசனை மின்னல் அடித்து எழுப்பினார்கள். இன்று அந்த வரிசையில் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் நிறையப் பேர் ஆறாவதைச் சொல்வார்கள். ஆனால் வசூலைப் பாருங்கள். நான்காவது சுமார் 3 கோடியே 29 லட்சம் டாலர், ஐந்தாவது 2 கோடியே 19 லட்சம், ஆறாவது 1 கோடியே 94 லட்சம். ஐந்தாவதில் சூடுபட்டவர்கள் ஆறாவதுக்கு வரவேயில்லை என்று நான் இதை வாசிக்கிறேன். அந்த மாதிரிப் படங்களே அலுத்துப்போகத் தொடங்கிய காலம் அது என்றும் சொல்லலாம், இரண்டுமே இருக்கும். எப்படியானாலும், ஒரு பாகத்தின் வசூலை வைத்து அந்தப் பாகத்தின் தரத்தைப் பேசுவது ஆபத்து. டிக்கெட் வாங்குகிறவர் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குவதில்லையே.

அண்மையில் 2022இல் வந்த ஹாலோவீன் எண்ட்ஸுக்கும் இதுதான் கதி. மைக்கேலுக்கும், முதல் படத்தில் அவனிடமிருந்து தப்பிய லாரி என்ற பெண்ணுக்கும் கடைசிச் சண்டை என்று சொல்லி அழைத்தார்கள். உள்ளே போனால் கோரி என்ற புதுப் பையனின் கதைதான் பெரும்பகுதி. மைக்கேல் தலைகாட்டவே நேரமாகிறது. வெளியான அன்றே தியேட்டரில் பார்த்தவர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் என்ற அமைப்பு உண்டு. 2018 படத்துக்கு பி பிளஸ், 2021 படத்துக்கு பி மைனஸ், எண்ட்ஸுக்கு சி பிளஸ் என்று இறங்கியிருக்கிறது. இந்த மாதிரிப் படங்களுக்கு அங்கே பொதுவாகவே மதிப்பெண் குறைவாகத்தான் விழும், அதனால் எழுத்தைப் பார்க்காதீர்கள், இறங்கிய விதத்தைப் பாருங்கள். முதல் நாளே போகிறவர்தான் அட்டையை அதிகம் நம்பியவர், அவருக்குத்தான் வலி அதிகம். 1982 படத்துக்கு நடந்தது போல இதற்கும் இருபது வருஷம் கழித்துக் கட்சி மாறுமா? மாறலாம். நான் பந்தயம் கட்ட மாட்டேன். அதை ஒருமுறைதான் பார்த்தேன், பாதியில் எழுந்து காபி போடப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே தம்பி, மூன்றாம் பாகத்தைப் பற்றி எதையாவது படித்தால் எழுதியவர் அதை எப்போது பார்த்தார் என்று தேடிப் பாருங்கள். தியேட்டரில் காசு கொடுத்து மைக்கேலுக்காகக் காத்திருந்தவர் என்றால் திட்டுவார், அது அவருடைய உரிமை. 2000க்குப் பிறகு டிவிடியிலோ நெட்டிலோ பார்த்தவருக்கு 'இதில் மைக்கேல் இல்லை' என்பது முன்பே தெரியும். அட்டை திருத்தப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் புகழ்வதில் கொஞ்சம் வீம்பும் இருக்கும். எல்லாரும் திட்டும் படத்தை நான் கண்டுபிடித்தேன் என்ற சந்தோஷம் யாருக்குத்தான் இல்லை? 'முதல் படத்துக்கு அடுத்தது இதுதான்' என்பதை அந்தத் தள்ளுபடியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால், படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டையும் நிறைய. நடுப்பகுதி இழுவை. டாக்டருக்கும் அந்தப் பெண்ணுக்கும் காதல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சில் இருந்து ஒரு பெரிய கல்லையே திருடிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள், எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ராத்திரி 9 மணிக்கு நாடு முழுக்க என்றால், நியூயார்க்கில் 9 மணி ஆகும்போது கலிபோர்னியாவில் மாலை 6தான். மூன்று மணி நேரத்தில் சேதி பரவாதா? இதைக் கேட்டால் படமே இல்லை. ஆனால் கார்பென்டரும் ஆலன் ஹோவர்த்தும் போட்ட சின்தசைசர் இசையும், முதல் இரண்டு படத்துக்கும் ஒளிப்பதிவு செய்த டீன் கண்டி இதற்கும் தந்திருக்கும் இருட்டும் இந்த வரிசையின் வேறெந்தப் பிற்காலப் படத்திலும் இல்லை. முடிவு ஒன்று இருக்கிறது. அதை இங்கே சொல்ல மாட்டேன். அந்த விளம்பரப் பாட்டு இரண்டு நாளைக்கு உங்கள் காதை விட்டுப் போகாது என்று மட்டும் எச்சரிக்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். மொத்தம் 13 படம். ஒரே கதையாக நினைத்துப் பார்த்தால் குழம்பிப் போவீர்கள். முதலாவது, அதிலிருந்து நேரே 2018, 2021, 2022 என்பது ஒரு தடம், இதில் இடையில் வந்தவை எதுவும் நடக்கவே இல்லை என்று கணக்கு. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு என்பது இன்னொரு தடம். ஒன்று, இரண்டு, அப்புறம் 1998, 2002 என்றும் போகலாம். 2007, 2009 இரண்டும் புதிதாக முதலிலிருந்து எடுத்தவை. மூன்றாம் பாகம் எந்தத் தடத்திலும் சேராது. அதில் வரும் ஒரு டிவியில் முதல் படமே ஒரு சினிமாவாகத்தான் ஓடும். அதனால் இரண்டாவது முடிந்த கையோடு அதைப் போடாதீர்கள், என் கடைக்காரப் புத்தி சொல்கிறது. மற்றதெல்லாம் பார்த்து அலுத்த பிறகு, ஒரு தனி ராத்திரியில், எண்ணைச் சொல்லாமல் போடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கின பிறகு. டிவி முன் முகமூடியோடு ஒரு பையன் உட்காரும் காட்சி ஒன்று வரும், அது பெரியவர்களுக்கே கஷ்டம்.

நண்பர்களில் யாராவது பாதியில் எழுந்து போனால் எந்த இடத்தில் என்று மட்டும் இங்கே எழுதுங்கள் தம்பி. அந்தப் பழைய நோட்டில் இன்னும் நாலைந்து பக்கம் காலியாக இருக்கிறது.